பதினொரு குடியும் ஒரு பந்தும்

கல்முனை,
14.3.1955

கண்ணியமிக்க மச்சான் முகைதீன்பாவா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மனைவி சுஹறாவின் கூடப்பிறந்த காக்கா காலிதீன் மரைக்கார் மனம் நிறைந்த ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜெமீலாவும் மகள் சுல்பிகாவும், எங்களோடு தங்கிப் படிக்கும் தங்கள் மகன் றஸாக்கும் அல்லாஹ்வின் அருளால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கோமாரியில் தாங்களும் தங்கச்சியும் தென்னந்தோட்டமும் அதேபோல் இருக்க துஆக் கேட்கிறோம். போன கிழமை பொத்துவில் பஸ்காரரிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொதியும் கடிதமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கருவாடு நன்றாக இருந்தது.

கடிதத்துக்குப் பதில் சொல்லுமுன் முதற்காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். றஸாக் பாஸ். எஸ்.எஸ்.சி. பரீட்சையில் எழுதிய அத்தனை பாடத்திலும் பாஸ், கணக்கில் விசேட சித்தி. புதன்கிழமை கொலீஜ் விறாந்தையில் தலைமையாசிரியர் பெயர்களை வாசிக்கும்போது நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'றஸாக்' என்று அவர் வாயிலிருந்து வந்ததும் அப்படியே தரையில் குந்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மயக்கமில்லை மச்சான், நிம்மதி. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தார்கள். அந்தத் தண்ணீரையும் குடித்தேன், இன்னொரு குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். பந்து விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றும், றஸாக் கொலீஜின் உதைபந்தாட்டக் குழுவில் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அது உண்மையானால் அவன் பாஸானாலும் சரி பெயிலானாலும் சரி, வருகிற வெள்ளிக்கிழமை வண்டில் கட்டிக்கொண்டு வந்து அவனையும் அவன் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்த் தேங்காய் உரிக்க வைப்பதாகவும், சுல்பிகாவுக்கும் அவனுக்கும் பேசிய கலியாணப் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மகளுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் ஜெமீலா எடுத்து வாசித்துவிட்டாள், அது மகளுக்கு வாசித்ததற்குச் சமம். அன்றிலிருந்து வீட்டில் சோறு குழைகிறது, கறியில் உப்பில்லை. கொடுத்ததைத் தின்றுவிட்டு எழும்பிவிடுகிறேன். அவன் மேலே எச்.எஸ்.சி. படிக்க வேண்டும், ஒரு டாக்டராகவோ இஞ்சினியராகவோ வர வேண்டும், பிறகு மாப்பிள்ளையாக என் வளவுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் மூன்று பேர் இரவு பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாங்கள் வண்டில் கட்டுகிறீர்கள்.

தவிர, பந்துதான் படிப்பைக் கெடுக்கும் என்பதை நான் அவ்வளவாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தாங்கள் வாழ்நாளில் ஒரு பந்தையும் தொட்டவரல்ல. அப்படியிருந்தும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லையே மச்சான். கோபிக்க வேண்டாம், மச்சான் முறைக்காரன் இதைக்கூடச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது. அது கிடக்கட்டும். தாங்கள் கேட்டது றஸாக் பந்து விளையாடினானா இல்லையா என்பது. இல்லை. குழுவில் இருந்தான், விளையாடவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நம்மூரில்தான் நடக்கும். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

போன வருஷம் ஜனவரியில் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்த ஸைனுலாப்தீன் மாஸ்டர் என்று ஒரு வாலிபர் கொலீஜுக்கு வந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கக்கத்தில் பந்து. வந்த மூன்றாம் நாளே பெற்றோரைக் கூட்டி உதைபந்தாட்டக் குழு அமைக்கப் போவதாகச் சொன்னார். எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தோம். எத்தனை பேர் வேண்டும் என்று யாரோ கேட்க, மாஸ்டர் "பதினொரு பேர்" என்றார். அவ்வளவுதான், சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. கோமாரியில் தோட்டத்தோடு தோட்டமாக இருந்து நம்மூர் நடைமுறை தங்களுக்கு மறந்திருக்கலாம். இங்கே தாய்வழியாக வருகிற குடி பதினொன்று. குடிக்கு ஒரு மரைக்கார் பள்ளிவாசல் சபையில் இருக்கிறோம். கந்தூரிச் சோறானாலும், பள்ளிக்குக் கூரை வேய்கிற வேலையானாலும் பதினொன்றாகப் பிரித்துத்தான் பழக்கம். இப்படிப்பட்ட ஊரில் வந்து ஒரு மனுஷர் பதினொன்று என்று சொன்னால் என்ன ஆகும்?

பக்கத்துக் குடி மரைக்கார் அபூசாலி உடனே எழும்பினார். "பதினொண்டா? அப்ப கதையே இல்ல, குடிக்கொராள்."

மாஸ்டருக்கு விளங்கவில்லை. "இல்ல மரைக்கார், நல்லா ஓடுற, உதைக்கிற பொடியன்மாரா நானே பாத்து எடுக்கிறன்."

"நீங்க பாத்து எடுத்தா ஒரு குடியில மூணு பேர் வரும், மறு குடியில ஒருத்தனும் வராது. மறுகா பள்ளிவாசல்ல யாரு பதில் சொல்ற? நீங்களா?"

"பந்துக்குக் குடி தெரியாது மரைக்கார்."

"பந்துக்குத் தெரியாட்டி என்ன? எங்களுக்குத் தெரியும்."

அத்தோடு அந்த விவகாரம் தீர்ந்தது. ஆனால் அடுத்தது தொடங்கியது. குடிக்கு ஒரு பிள்ளை என்றால் எந்தப் பிள்ளை? ஊருக்கு முன்னால் ஒரு குடியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கப் போகிறவன். கண்டவனையும் அனுப்ப முடியுமா? ஒவ்வொரு குடியும் கூடியிருந்து கதைத்து, வகுப்பில் முதலாவதாக வருகிறவன், குர்ஆன் ஓதி முடித்தவன், பெரியவர்களைக் கண்டால் எழும்புகிறவன், சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவன் என்று சல்லடை போட்டுச் சலித்து ஆளெடுத்தது. அபூசாலி மரைக்காருக்குச் சொந்தச் சகோதரியின் மகன் ஜவுபர் என்று ஒருவன் இருக்கிறான். அவன் ஓடினால் நாய் நின்றுவிடும், ஆள் உயர வேலியைக் கை வைக்காமல் பாய்வான். மாஸ்டர் அவனைத்தான் கண் வைத்திருந்தார். "ரெண்டு தரம் பெயிலான கழுதைய எப்பிடிக் குடியெண்டு முன்னுக்கு விடுற?" என்று சொல்லி மரைக்கார் அவனை ஒதுக்கிவிட்டு, காற்றடித்தால் விழுகிற மூக்குக் கண்ணாடிப் பிள்ளை ஒன்றைக் கொடுத்தார். நம்முடைய குடியில் (உம்மாவின் குடிதானே பிள்ளைக்கும், அவன் உம்மா என் தங்கச்சிதானே) எஸ்.எஸ்.சி. வகுப்பில் இருந்தவன் றஸாக் ஒருவன்தான். மரைக்காராகிய நானே என் குடியின் இடத்தை வெறுமையாக விடலாமா? பெயரைக் கொடுத்தேன். அதை மறைக்கவில்லை. பெயர் கொடுத்தது மட்டும்தான் என் குற்றம்.

இப்படியாகக் கொலீஜிலேயே அதிகம் படிக்கிற, ஒரு நாளும் ஓடியறியாத பதினொரு பிள்ளைகள் உதைபந்தாட்டக் குழுவானார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். மாஸ்டர் அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவருக்குச் சோறு கொடுக்கிற வீட்டில் சொன்னார்கள்.

அடுத்த நாள் மாஸ்டர் கரும்பலகையில் சோக்கால் கோடு போட்டு யார் எங்கே நிற்பது என்று காட்டினார். முன்னுக்கு ஐந்து பேர், நடுவிலே மூவர், பின்னுக்கு இருவர், கோல் கம்பத்துக்குள் ஒருவர். பதினொரு மரைக்காரும் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு "எங்கட குடி என்னத்துக்குப் பின்னுக்கு?" என்று ஒரு குரல் வந்தது, அதே கேள்வி இன்னும் நாலு மூலையிலிருந்து வந்தது. கம்பத்துக்குள் நிற்கிறவருக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன். பந்து உள்ளே போகாமல் காப்பது என்றார் மாஸ்டர். காவலா? நான் பாயில் கையை அடித்துச் சொன்னேன்: "எங்கட குடியில இண்டைக்கு வரைக்கும் ஒருத்தன் காவலுக்கு நிண்டதில்ல. வயல் காவலுக்கே ஆள் வச்சித்தான் பழக்கம். எங்கட புள்ள காவல் நிக்கமாட்டான், நான் சொல்லிப்போட்டன்." நான் சொன்னதும் மற்றப் பத்துப் பேருக்கும் மானம் வந்துவிட்டது. கடைசியில் பதினொரு பேரும் முன்னுக்கு நிற்பதென்றும், கோலுக்குள் யாரும் நிற்பதில்லை என்றும் முடிவானது. "கம்பம் ரெண்டு நிக்கிதுதானே, காவலுக்கு அது காணும்" என்றார் அபூசாலி மரைக்கார்.

காற்சட்டையிலும் ஒரு சங்கடம். முழங்கால் தெரியக்கூடாது என்று சபை சொல்லிவிட்டது, அதில் நியாயம் இருக்கிறது. துணி என் கடையிலிருந்துதான் போனது, கட்டம் போட்ட நல்ல மருதமுனைச் சாரன் துணி. தையற்காரர் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் போதுமா இரண்டு சாண் வேண்டுமா என்று ஒவ்வொரு குடியாகக் கேட்டுத் தைத்ததில் பதினொரு காற்சட்டையும் பதினொரு நீளம். கடற்காற்று அடித்தால் பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்க முடியாது.

இனித்தான் தாங்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். தினமும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பயிற்சி. எனக்கும் தங்களைப் போலவே பயம் இருந்தது. அதனால் ஒரு கிழமை முழுக்க மைதானத்து வேலிக்குப் பின்னால் ஒளித்திருந்து பார்த்தேன். எறும்பு கடித்தும் அசையவில்லை. மாஸ்டர் விசில் ஊதுவார். யாராவது ஒரு பிள்ளை பந்தை உதைக்கும், அது நேரே வாய்க்காலுக்குள் போகும். வேலிக்கு வெளியே நிற்கிற ஜவுபர் பாய்ந்து போய் எடுத்துவந்து உதைப்பான், அது நேரே கோலுக்குள் போகும். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு ஜவுபரோடு கதைக்கப் போய்விடுவார். இந்தப் பதினொருவரும் பூவரச மரத்துக்குக் கீழே வட்டமாகக் குந்துவார்கள். சட்டைக்குள்ளிருந்து புத்தகம் வெளியே வரும்! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் றஸாக்கைக் கேட்டேன்.

"மாமா, வீட்ட இரிந்தா கடைக்குப் போ, நூல் சுத்து, மாட்டை அவிழ், குருவி கலை எண்டு ஆரும் கூப்பிட்டுக்கொண்டே இரிப்பாங்க. பந்து விளையாடப் போற எண்டா ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க, அது குடிக் காரியம். ஊரிலயே எங்களுக்குப் படிக்கக் கிடைக்கிற ஒரு மணித்தியாலம் அதுதான்" என்றான்.

எவ்வளவு புத்தி பாருங்கள். ஆகவே அல்லாஹ் அறியச் சொல்கிறேன் மச்சான், றஸாக் பந்தைத் தொடவில்லை. அந்த ஒரு மணித்தியாலமும் கணக்குத்தான் செய்தான்.

ஜூன் மாதம் பக்கத்து ஊர்க் கொலீஜோடு ஒரு போட்டி வைத்தார்கள். ஊரே திரண்டது. வந்தவர்கள் லொறியிலிருந்து குதித்தார்கள், ஒவ்வொருவனுக்கும் மீசை அரும்பியிருந்தது. நம்முடைய பிள்ளைகள் முன்னால் போய் ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லிச் சுகம் விசாரித்தார்கள். விசில் ஊதியது. பதினொரு பேரும் ஒரே வரிசையில் முன்னுக்கு நின்றார்கள். மற்றவர்கள் அந்த வரிசையைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிட்டால் அதன் பிறகு கோல் வரைக்கும் வெறும் புல்தான். பதினாலு கோல் மச்சான். எங்களுக்குப் பூச்சியம். ஒரே ஒரு தரம் பந்து றஸாக்கை நோக்கி வந்தது, அவன் மரியாதையாக விலகி வழி விட்டான். எனக்கு அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது, விளையாட்டில் ஆசையில்லாத பிள்ளை என்று. வேலிக்கு வெளியே ஜவுபர் மட்டும் வேலிக் கம்பைப் பிடுங்கி நிலத்தில் அடித்து அடித்து அழுதுகொண்டு நின்றான். றஸாக் அன்று வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்துப் படுத்துவிட்டான். சோறும் வேண்டாமென்றான். படிப்பு நேரம் வீணாகிவிட்ட கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அந்தப் போட்டிக்குப் பிறகு அவனிடம் மார்க்கப் பற்று கூடிவிட்டது. தினமும் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு என்னை முந்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். தொழுதுவிட்டுக் கடற்கரையில் இருந்து படிக்கிறானாம், காற்று நல்லதாம். ஏழு மணிக்குத்தான் திரும்புகிறான். சாரன் விளிம்பெல்லாம் மணல். பசி என்றால் அப்படியொரு பசி, புட்டு நாலு குழல் உள்ளே போகிறது. படிப்பு அப்படிப் பசி எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. கேட்டேன், கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றான். கிணற்றடியைத் தேங்காய்ப் பொச்சுப் போட்டு மூன்று தரம் தேய்ப்பித்தேன், இன்னும் வழுக்கத்தான் செய்கிறதாம். என் பொறுப்பில் விட்ட பிள்ளையை நான் எவ்வளவு கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன் என்பதற்காக இதை எழுதுகிறேன். அவன் கடையோடு ஒட்டிய அறையில், மகள் வீட்டுக்குள்ளே, நடுவிலே நான். என் கண்ணுக்குத் தப்பி ஓர் ஈ பறக்காது.

பரீட்சை டிசம்பரில் நடந்தது, முடிவு வந்ததை மேலே சொன்னேன். ஆனால் முடிவுக்குப் பின் நடந்ததுதான் பெரிய கூத்து. சனிக்கிழமை, பாடசாலைகளைப் பரிசோதிக்கிற வித்தியாதரிசி வந்தார். விளையாட்டால் படிப்பு கெடுகிறதா என்று பல ஊரிலும் பெற்றோர் முறைப்பாடு எழுதுகிறார்களாம், அதை விசாரித்து அறிக்கை எழுத வந்திருக்கிறார். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பரீட்சை எழுதியவர்கள் முப்பத்தைந்து பேர். விளையாட்டுக்காரர் பதினொருவர், பதினொருவரும் பாஸ். மற்றவர்கள் இருபத்துநாலு பேர், பாஸானவர்கள் ஒன்பது. அந்த ஒன்பதுக்குள் ஜவுபரும் ஒருவன் என்பதுதான் ஊருக்கே அதிசயம். அபூசாலி மரைக்கார் நம்பாமல் அந்தப் பெயரை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வித்தியாதரிசி கரும்பலகையில் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இப்படியொரு பாடசாலையை நான் கண்டதில்லை. உதைபந்தாட்டம் மூளையைத் தீட்டுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "போட்டியில் எத்தனை கோல்?" என்று கேட்டார்.

"பதினாலு சேர்" என்றார் மாஸ்டர்.

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, மாஸ்டரும் சொல்லவில்லை. மரைக்கார்மார் பதினொரு பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இனி எல்லாப் பிள்ளைகளும் தினமும் ஒரு மணித்தியாலம் பந்து விளையாட வேண்டும் என்று அறிக்கையில் எழுதப் போகிறாராம். படமும் பிடித்தார். பிள்ளைகளை நிறுத்திவிட்டுப் பந்தை அவர்கள் பக்கம் எறிந்தார். பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நம் றஸாக் மட்டும் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டான். தற்செயல்தான், ஆனாலும் படம் நன்றாக வரும்.

ஆகவே மச்சான், வித்தியாதரிசிக்குச் சொல்லாததைத் தங்களுக்குச் சொல்கிறேன். விளையாடியதால் அவர்கள் பாஸாகவில்லை, விளையாடாததால் பாஸானார்கள். தங்கள் கொள்கை அப்படியே நிற்கிறது, தங்கள் மகனும் அப்படியே நிற்கிறான். வண்டில் கட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை வருவதானால் மனம் சந்தோஷமாக வாருங்கள், எச்.எஸ்.சி. வகுப்பில் பெயர் பதிந்துவிட்டுக் கலியாணத்துக்கும் ஒரு நாளைக் குறித்துவிடலாம். இன்றைக்குக் கறியில் உப்பு சரியாக இருந்தது.

தங்கச்சி சுஹறாவுக்கு என் ஸலாம், மகன் பாஸான செய்தியை முதலில் அவளுக்குச் சொல்லுங்கள், பிறகு தோட்டத்துக்குப் போங்கள். ஜெமீலா ஸலாம் சொல்கிறாள். சுல்பிகா இந்தக் கடிதம் எழுத மைக்கூட்டைக் கேளாமலே கொண்டுவந்து வைத்தாள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் நல்ல மனத்தையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
காலிதீன் மரைக்கார்

பி.கு. செவ்வாய்க்கிழமை காலை, தபாற் கந்தோர் விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். தாளை முழங்காலில் வைத்திருக்கிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுபஹு தொழுதுவிட்டு இந்தக் கடிதத்தைப் போடலாமென்று கடற்கரைப் பாதையால் வந்தேன். கரையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் மணலில் இரண்டு துடுப்பை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் துடுப்பு இரண்டுக்கும் நடுவில், காவல் நிற்கிறான் மச்சான், றஸாக் காவல் நிற்கிறான். எதிரே ஜவுபர் பந்தை உதைக்கிறான், இவன் வலப்பக்கம் பாய்ந்து விழுந்து பிடிக்கிறான். இடப்பக்கம் உதைக்கிறான், அங்கேயும் பாய்ந்து பிடிக்கிறான். முழங்கை மணலில் உரசிக்கொண்டு போவதை என் கண்ணால் கண்டேன். கிணற்றடியைச் சும்மா தேய்ப்பித்தேன். கரைவலை இழுக்கிற கச்சிமுகம்மது என்னைக் கண்டு, "என்ன மரைக்கார், இப்பத்தானா வாறீங்க? நாங்க ஒம்பது மாசமா பாக்கிறம். ஜவுபர் இவருக்குப் பந்து பழக்கிற, இவர் அவனுக்குக் கணக்குப் பழக்கிற. ஒரு கோலைப் பிடிச்சா ஒரு கணக்கு. அப்பிடித்தான் அந்தக் கழுதையும் பாஸ் பண்ணின" என்றார். பதினாலு கோல் வாங்கிய அடுத்த நாள் விடியவே தொடங்கிவிட்டார்களாம். வீட்டுக்கு ஓடிவந்து ஜெமீலாவிடம் சொன்னேன். "உங்களுக்கு மட்டுந்தான் தெரியா" என்றாள். மணல் சாரனைத் துவைத்தது யார் என்றா கேட்கிறீர்கள்? நான் கேட்கவில்லை.

ஆகையால் மேலே எழுதியதில் அவன் பாஸானது மட்டும் உண்மை. இதைக் கிழித்துப்போட்டு வேறு எழுதலாமென்று கை போனது. ஆனால் அல்லாஹ் அறிய என்று எழுதிவிட்டேனே, அந்தச் சொல்லைப் பொய்யாக அனுப்பிவிட்டு நான் எப்படி ஜும்ஆவில் மரைக்காராக உட்கார்வேன்? விளையாடினான் மச்சான். ஒன்பது மாதம் விடியற்காலையெல்லாம் விளையாடினான், விளையாடிக்கொண்டே கணக்கில் விசேட சித்தியும் எடுத்தான். வித்தியாதரிசி எழுதிய பொய்க் கணக்கு கடைசியில் மெய்யாகிவிட்டது, நான் என்ன செய்ய? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். திரும்பி மறுபடி கடற்கரைக்குப் போய் அவனை ஏசத்தான் வாயைத் திறந்தேன், அப்போது பந்து உருண்டு என் காலடிக்கே வந்தது. உதைத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், மரைக்கார். வலக்காற் செருப்பு கடலோடு போய்விட்டது. அவன் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் நிறைந்து, "வாப்பாட்ட சொல்லிப் போடாதீங்க மாமா" என்றான். சொல்லிவிட்டேன். கோபம் என்றால் என்மேல் வையுங்கள், அவனையும் மகளையும் விட்டுவிடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பிறகு அதே ஊரோடு மறுபோட்டியாம், கரையில்தான் சொன்னார்கள். இந்தத் தரம் மாஸ்டரே பார்த்து ஆளெடுத்திருக்கிறாராம், ஜவுபர் முன்னுக்கு, நம் குடி காவலுக்கு. நானும் வாயைத் திறக்கவில்லை. பொத்துவில் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, தபால் பிந்தும், இதை அதில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். நீங்கள் வண்டில் கட்டிக்கொண்டு வரத்தான் போகிறீர்கள் என்றால் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வராமல் நேரே மைதானத்துக்குப் போய் கோல் கம்பத்துப் பக்கமாக வண்டிலை நிறுத்துங்கள். அதில் ஏறி நின்றால் மகன் பாய்ந்து பிடிப்பது நன்றாகத் தெரியும். எனக்கும் ஒரு காலுக்கு இடம் விடுங்கள்.